அளந்து வாங்குவோம், எழுதி வைப்போம்
அரச மானியம் பெறும் குடும்பங்களும் சங்கங்களும் அறிந்திருக்க வேண்டியவை

மடுல்சீமைப் பக்கத்து மலைகளில் மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் லயத்தையும் தோட்டக்காணியையும் இழந்து, உறவினர் வீடுகளிலும் பாடசாலைக் கட்டிடங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் காலம் கழித்த குடும்பங்கள் பல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததை ஊவா மாகாணத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இத்தகைய அழிவுகளுக்குப் பின் அரசாங்கம் வீடு கட்டவும், காணி வாங்கவும், மீண்டும் பயிர் செய்யவும் மானியம் வழங்குகிறது.

மானியம் கிடைத்தது என்று கேட்டவுடன் வீட்டில் மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் சில மாதங்களின் பின் வேறு விதமான கேள்விகள் எழுகின்றன. "முதல் தவணை வந்தது, இரண்டாவது ஏன் வரவில்லை?" "எங்கள் சங்கம் வாங்கிய மோட்டருக்குப் பில் இருக்கிறதே, ஏன் பணம் தர மறுக்கிறார்கள்?" "மூன்று கடையில் விலை கேட்டு வா என்கிறார்களே, அதற்குப் பஸ் காசு யார் தருவது?" இக்கேள்விகள் நியாயமானவை. இவற்றுக்கு விடை தெரியாததனால் சுவர் எழும்பிய நிலையில் கூரையின்றி நின்றுவிட்ட வீடுகள் உண்டு. எனவே இவ்விதிகள் எவை, அவை ஏன் உண்டாயின, அவற்றை நாம் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. இது யாருடைய பணம்?

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம்மவர்கள் சொல்வார்கள். அரச மானியம் அத்தகைய தானம் ஆகாது. கடையில் சீனி வாங்கும்போதும், பஸ்ஸில் ஏறும்போதும், தொலைபேசிக்குக் காசு போடும்போதும் நாம் செலுத்தும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுக் கடனாக வந்திருந்தால் அதை நம் பிள்ளைகள் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே இந்த மாட்டின் பல்லை நாம் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நமது நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி பொது நிதியின் மீது முழுமையான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது. அந்நிதி செலவான விதத்தைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கிறார். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், விதிக்கு மாறாகச் செலவு செய்து அரசுக்கு நட்டம் ஏற்படுத்திய உத்தியோகத்தரிடமிருந்தே அந்த நட்டத்தை அறவிடுவதற்கு இடமளிக்கிறது. பிரதேச செயலகத்தில் உள்ளவர் ஒரு பற்றுச்சீட்டுக்காக நம்மை மீண்டும் மீண்டும் அலைக்கழிக்கிறார் என்று கோபப்படுகிறோம். அந்தத் துண்டுக் கடதாசி இல்லாவிட்டால் நாளை அவருடைய சம்பளத்துக்கே கேள்வி வரலாம். இதை அறிந்துகொண்டால், எதைக் கொடுத்தால் அவர் கையொப்பமிட முடியும் என்பதும் நமக்கு விளங்கும்.

2. இரண்டு விதமான மானியங்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பல குழப்பங்களுக்கு இதை அறியாமையே காரணமாகும்.

முதலாவது வகை, ஒரு குடும்பத்துக்கு நேரடியாக வழங்கப்படும் பணம். வீட்டு மானியம் இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே ஒவ்வொரு சீமெந்துப் பைக்கும் கேள்விப்பத்திரம் கோர வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. நாம் கையொப்பமிட்ட உடன்படிக்கையின்படி, சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன கட்டம் வரை வேலை முடிந்ததா என்பதே பார்க்கப்படும்.

இரண்டாவது வகை, ஒரு விவசாயிகள் சங்கத்துக்கோ கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ பொது வேலைக்காக வழங்கப்படும் பணம். தண்ணீர்க் குழாய், வாய்க்கால், நீரிறைக்கும் மோட்டர், பாதை ஆகியன இதில் அடங்கும். இங்கே ஒருவர் பலருக்காக வாங்குகிறார். எனவே கொள்வனவு விதிகள் இறுக்கமாக உள்ளன. அரச அலுவலகங்களில் இதனைப் "பெறுகை" என்பார்கள். 2006 ஆம் ஆண்டு வெளியான பெறுகை வழிகாட்டல்கள் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. தேசிய பெறுகை ஆணைக்குழு 2015 இல் 19 ஆவது திருத்தத்தினால் அரசியலமைப்பில் இடம்பெற்று, 2020 இல் நீக்கப்பட்டு, 2022 இல் 21 ஆவது திருத்தத்துடன் மீண்டும் வந்தது. அது தயாரித்த புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எந்தத் தொகைக்கு எந்த முறை என்ற எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், வேலை தொடங்குமுன் பிரதேச செயலகத்தில் அவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

3. வீட்டு மானியம் ஏன் தவணையாக வருகிறது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா நான்கு தவணைகளில் வழங்கப்பட்டது. வடக்குக் கிழக்கில் 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகச் சென்றது. 1977 இலும் 1983 இலும் மலையகத்தில் இருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறி, பின்னர் போரினாலும் இடம்பெயர்ந்த நம் உறவுகள் பலரும் அந்தப் பிரதேசங்களில் வாழ்கிறார்கள். 2017 ஆம் ஆண்டு வெள்ளம், மண்சரிவுகளுக்குப் பின்னர் அபாய வலயத்தில் இருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட 12 இலட்சமும் காணி வாங்க 4 இலட்சமும் என்ற அளவில் உதவி வகுக்கப்பட்டது. தொகைகள் பின்னர் மாறியிருக்கின்றன. தவணை முறை மட்டும் மாறவில்லை.

முறை இதுதான். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சும் கதவு யன்னலும் என்று வேலை கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அதன் பின்னரே அடுத்த தவணை வங்கிக்கு வரும். முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கொடுத்தால், வைத்தியச் செலவும் பழைய கடனும் கல்யாணமும் அதை விழுங்கிவிடும் என்ற பயமே இதற்குக் காரணம். அந்தப் பயம் முற்றாக ஆதாரமற்றது என்று நாமும் சொல்ல முடியாது.

தவணை தடைப்படுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு.

(அ) அளவை மீறுதல். வடக்கில் வழங்கப்பட்ட வீட்டின் அளவு ஏறக்குறைய 550 சதுர அடி. பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று பலர் அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறையைக் கூட்டினால் 120 சதுர அடி சேர்கிறது. அது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். ஆனால் மானியம் ஒரு சதமும் கூடாது. சுவர் லின்ரல் மட்டத்துக்கு வருமுன்னரே காசு முடிந்துவிடும். கட்டம் முடியாததால் தவணையும் வராது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, வீடு வந்தபோது கடனும் சேர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. பெரிய வீடு வேண்டுமாயின், பின்னர் அறை சேர்க்கக்கூடிய விதத்தில் வரைபடத்தைத் தெரிவு செய்து, முதலில் சிறிய வீட்டை முடிப்பதே புத்தி.

(ஆ) இடத்தை மாற்றுதல். பதுளை போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டிடம் கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. அறிக்கை ஒரு துண்டுக் காணிக்குக் கிடைத்திருக்க, பாதைக்குக் கிட்ட வேண்டுமென்று வேறு இடத்தில் அத்திவாரம் வெட்டினால் பணம் வராது. பணத்தை விடப் பெரிய காரணமும் உண்டு. மீரியபெத்தை மலை ஆபத்தானது என்று அனர்த்தத்துக்கு முன்னதாகவே நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் அம்மக்களுக்குப் போக வேறு காணி கொடுக்கப்படவில்லை. இப்போது பாதுகாப்பான காணி கிடைக்கும்போது நாமே அதை விட்டு விலகலாமா? மண்வெட்டும் விதம், தண்ணீர் வடிய வேண்டிய கான் ஆகியன பற்றி அறிக்கையில் எழுதியுள்ளதையும் அவ்வாறே செய்ய வேண்டும்.

(இ) ஆவணக் குறைபாடு. தோட்டப்புறத்தில் இதுவே பெரிய தலையிடி. காணி தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருந்தால் அதை விடுவித்த கடிதம் தேவை. அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறு பெயர் என்றிருந்தால் பணம் திரும்பிப் போகும். மண்ணோடு போன பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். இயன்ற இடங்களில் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் திறக்குமாறு கேளுங்கள். வீட்டுப் பணம் வீட்டுக்கே போய்ச் சேர அது நல்ல காவல்.

இன்னொரு விடயம். மதிப்பீட்டில் மணல், கல், சீமெந்து விலையைப் போடுபவர்கள், லொறி நிற்கும் இடத்தில் இருந்து மேட்டுக்குச் சுமக்கும் கூலியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மடுல்சீமைச் சரிவுகளில் அந்தச் சுமைகூலி பெரிய தொகையாகும். உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இதைக் கேளுங்கள். கையொப்பமிட்ட பின் கேட்பதால் பயன் குறைவு.

4. சங்கம் பொருள் வாங்கும் முறை

ஒரு விவசாயிகள் சங்கத்துக்குத் தண்ணீர்க் குழாய் வாங்க மானியம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டியவை வரிசையாக வருமாறு.

முதலாவதாக, என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். "நல்ல குழாய்" என்று எழுதினால் போதாது. எத்தனை அங்குலம், எந்தத் தரம், எத்தனை நீளம், எங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும், எந்தத் திகதிக்கு முன் என்பன இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, அதே கடதாசியை ஆகக் குறைந்தது மூன்று கடைகளுக்குக் கொடுத்து, எழுத்தில் விலைக்கூறல் பெறுங்கள். ஒவ்வொரு கடைக்கும் வெவ்வேறு விபரம் சொன்னால் விலைகளை ஒப்பிட முடியாது.

மூன்றாவதாக, விலைக்கூறல்களைக் குறித்த நாளில், கமிட்டியினர் முன்னிலையில் திறந்து ஒரே அட்டவணையில் எழுதுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். 200 குழாய்கள் தேவை. பதுளையில் உள்ள கடை ஒரு குழாய் 1,400 ரூபா, ஏற்றுகூலி தனியாக 30,000 ரூபா என்கிறது. மொத்தம் 3,10,000 ரூபா. பசறையில் உள்ள கடை 1,500 ரூபா, கொண்டுவந்து இறக்கித் தருவோம் என்கிறது. மொத்தம் 3,00,000 ரூபா. மூன்றாவது கடை இறக்குவதும் உட்பட 1,350 ரூபா என்கிறது. மொத்தம் 2,70,000 ரூபா. ஆனால் அது கேட்டதை விட மெல்லிய குழாய். இப்போது எதைத் தெரிவு செய்வது? மூன்றாவது கடை நாம் கேட்ட தரத்தைத் தராததால் ஒப்பீட்டிலேயே சேராது. முதலாவது, ஒரு குழாயின் விலை குறைவாகத் தோன்றினாலும் இடத்துக்கு வரும்போது கூடுகிறது. ஆகவே பசறைக் கடையே சரி. விதி கேட்பது இதைத்தான்: கேட்ட தரத்துக்கு உட்பட்டவற்றுள் மொத்தச் செலவு குறைந்தது.

நான்காவதாக, இந்தத் தெரிவையும் அதற்கான காரணத்தையும் கூட்ட அறிக்கையில் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஐந்தாவதாக, கட்டளைக் கடிதம் கொடுங்கள். ஆறாவதாக, பொருள் வரும்போது இருவர் நின்று எண்ணி, தரம் பார்த்து, இருப்புப் புத்தகத்தில் பதியுங்கள். அதன் பின்னரே காசோலை கொடுக்க வேண்டும். ஏழாவதாக, பற்றுச்சீட்டைப் பெற்று வவுச்சருடன் இணையுங்கள்.

மூன்று விலைக்கூறலுக்காக ஒருவர் பதுளைக்குப் போய் வந்தால் ஒருநாள் கொழுந்துச் சம்பளம் போய்விடும் என்பது உண்மை. அச்செலவைத் திட்டச் செலவில் சேர்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். அயலில் உள்ள இரண்டு மூன்று சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து விலை கேட்டால் பயணமும் மிச்சம், விலையும் குறையும். வடக்கில் வீடு கட்டிய குடும்பங்களும் கிராமந்தோறும் குழுக்களாகச் சேர்ந்தன. பத்துக் குடும்பம் சேர்ந்து சீமெந்து கேட்டால் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

5. தவறிவிடும் இடங்கள்

வேலையைத் துண்டாடுதல்: பெரிய கொள்வனவுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதற்காக, ஒரே பொருளை இரண்டு மூன்று சிறு பில்களாகப் பிரிப்பது. பெறுகை வழிகாட்டல்கள் இதைத் தடை செய்கின்றன. கணக்காய்வாளர் திகதிகளைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவார்.

போலி விலைக்கூறல்: ஒரே கடைக்காரர் தம் நண்பர்களின் கடிதத்தாளிலும் கூடிய விலை எழுதித் தருவது. மூன்று கடதாசி இருக்கும், போட்டி இருக்காது. நட்டம் நமக்கே.

உறவினர் கடை: தலைவரின் மச்சான் கடை வைத்திருப்பது குற்றமாகாது. ஆனால் அதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி, முடிவெடுக்கும் நேரத்தில் தலைவர் விலகியிருக்க வேண்டும். மறைத்தால் விலை நியாயமாக இருந்தாலும் சங்கத்தின் பெயர் கெடும்.

வெற்றுத்தாளில் கையொப்பம்: "பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் இணங்க வேண்டாம். நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள உடன்படிக்கையிலும் உடனே கையொப்பமிட வேண்டாம். தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

அனுமதியில்லாத மணலும் மரமும்: மணல் ஏற்றுவதற்கும் மரம் ஏற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மலிவு என்று இரவில் வாங்கிய மணலுக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. பொலிசார் பிடித்தால் லொறியோடு நம் பணமும் போகும்.

"சந்தோசம்" கொடுத்தல்: தவணையை விரைவாகப் பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

6. ஒரு கோப்பு, ஒரு புத்தகம்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோப்பு வைத்திருக்க வேண்டும். அதில் உடன்படிக்கை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், காணிக் கடிதம், மண்சரிவு அறிக்கை, வங்கிப் புத்தகத்தின் பிரதி, எல்லாப் பற்றுச்சீட்டுகள், மேசனுக்குக் கொடுத்த கூலிக்கு அவர் இட்ட கையொப்பம் ஆகியன இருக்கட்டும். அத்திவாரம் மண்ணுக்குள் மறைந்துவிடுவதால், மூடுமுன் படம் எடுத்து வையுங்கள். உத்தியோகத்தர் வந்துபோன திகதியையும் சொன்ன வார்த்தையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோப்பைத் தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் இட்டு, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரு முறை எல்லாவற்றையும் மண்ணில் இழந்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

சங்கமாயின், வரவு செலவை மாதந்தோறும் கூட்டத்தில் உரத்து வாசித்து, அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். "கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்" என்று பயந்து மூடி வைக்கும் சங்கங்களில்தான் பின்னர் பெரிய பிணக்கு வருகிறது.

7. விதி இரு பக்கத்துக்கும் உண்டு

விதிகள் நம்மை மட்டும் கட்டுப்படுத்துவன என்று எண்ண வேண்டாம். கட்டம் முடிந்தும் பரிசோதனைக்கு எவரும் வரவில்லை, அறிக்கை போயும் தவணை வரவில்லை என்றால், காரணம் கேட்பது நமது உரிமை. முதலில் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தைப் பிரதியில் வாங்குங்கள்.

பதில் இல்லையெனில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவ்வலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். "எனது தவணை எத்திகதியில் சிபாரிசு செய்யப்பட்டது? இப்போது யாரிடம் உள்ளது? பயனாளிகள் எந்த அடிப்படையில் தெரிவு செய்யப்பட்டார்கள்?" என்று தமிழிலேயே கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இங்கேதான் நமது கோப்பின் பெறுமதி தெரியும். கையில் திகதியும் கடிதமும் பற்றுச்சீட்டும் உள்ள ஏழைக் குடும்பத்தை எந்த மேசையில் இருந்தும் இலகுவாகத் திருப்பி அனுப்ப முடியாது. வெறும் வாய்ப்பேச்சோடு போகிறவருக்கு "நாளைக்கு வா" என்பதே பதிலாகக் கிடைக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையில் மற்றவர்கள் எழுதிய செக்ரோலில் நம் பேர் விழுந்தது. நமது வீட்டுக் கணக்கையாவது நம் கையாலேயே எழுதுவோம்.

கூட்டத்தில் கலந்துரையாட:

1. நமது சங்கத்தின் கடைசிக் கொள்வனவுக்கு எத்தனை விலைக்கூறல்கள் பெறப்பட்டன? தெரிவுக்கான காரணம் கூட்ட அறிக்கையில் எழுதப்பட்டுள்ளதா?

2. வீட்டு மானியம் பெறும் குடும்பங்களில் எவருடைய ஆவணங்கள் இன்னும் குறைவாக உள்ளன? அவர்களுக்கு உதவ எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் யுவதிகள் இருவரைத் தெரிவு செய்ய முடியுமா?

3. சீமெந்து, கம்பி, தகரம் ஆகியவற்றை எத்தனை குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம்? சுமைகூலிக்குப் பதிலாகச் சிரமதானம் செய்ய முடியுமா?